புதினாவுக்கு எந்த ஜன்னல்? – வாசகர் கேள்வி பதில்

மொட்டை மாடிக்கு வழியில்லாத அடுக்குமாடி வீடுகளில் சமையலுக்கும் கைவைத்தியத்துக்கும் உதவும் செடிகளை உள்ளேயே வளர்ப்பது பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

மூன்றாவது மாடியில் வாடகை வீடு. பால்கனி கிடையாது. கிழக்குப் பார்த்த சமையலறை ஜன்னலும் தெற்குப் பார்த்த ஹால் ஜன்னலும் மட்டும்தான். எதில் தொடங்கலாம்? தொட்டி வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
– வாசகி, குரோம்பேட்டை

முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள், தொட்டியும் விதையும் அப்புறம். வீட்டுக்குள் செடி சாவதற்கு உரக் குறைவு காரணமாக இருப்பது அபூர்வம். வெளிச்சம் போதாத இடத்தில் வைத்துவிட்டு, வாடுகிறதே என்று மேலும் மேலும் தண்ணீர் ஊற்றுவதால்தான் பெரும்பாலான செடிகள் போகின்றன. வெளிச்சம் குறைந்தால் செடி குடிக்கும் நீரும் குறைகிறது. மீதி நீர் மண்ணில் தங்கி வேரை அழுக வைக்கிறது.

வெளிச்சத்தைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். காலை 10 மணி வாக்கில், தொட்டி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு மேல் ஒரு சாண் உயரத்தில் கையை நீட்டுங்கள். விரல்களின் நிழல் ஓரம் தெளிவாக விழுந்தால் துளசி, திருநீற்றுப்பச்சிலை, கொத்தமல்லி மூன்றும் வரும். நிழல் தெரிந்தும் ஓரம் மங்கலாக இருந்தால் புதினா, வல்லாரை, ஓமவல்லி வைக்கலாம். நிழலே விழவில்லை என்றால் அங்கே விளக்கு போடாமல் எதுவும் நிலைக்காது. இதே சோதனையை மதியமும் மாலையும் ஒருமுறை செய்து பாருங்கள்.

உங்கள் கிழக்கு ஜன்னல் நல்ல ஜன்னல். மூன்று நான்கு மணி நேரம் இளவெயில் கிடைத்தால் புதினாவுக்குப் போதும். தெற்கு ஜன்னலில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிப்பொழுதில் சூரியன் நம் தலைக்கு வடக்கே இருக்கும். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலுக்குள் நேர் வெயில் வராது. மற்ற மாதங்களிலும் சூரியன் உயரத்தில் இருந்தால் ஜன்னல் மேலிருக்கும் சன்ஷேடு மறைத்துவிடும். நவம்பர் முதல் ஜனவரி வரை சூரியன் தாழ்ந்து வருவதால், மேகமில்லாத நாட்களில் வெயில் அறைக்குள் நன்றாக விழும். அதனால் ஆடியில் அங்கே வாடிய செடியே மார்கழியில் நன்றாக வரலாம்.

கொசுவலை, நிறம் பூசிய கண்ணாடி, தடித்த திரை எல்லாமே வெளிச்சத்தைக் குறைப்பவை. தொட்டி ஜன்னலிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்கட்டும். அறை நடுவில் இருக்கும் மேசை நம் கண்ணுக்குத்தான் வெளிச்சம், செடிக்கு அது இருட்டு.

முதல் செடிகளாக ஓமவல்லி ஒரு தொட்டி, புதினா ஒரு தொட்டி போதும். இரண்டும் இரண்டு மாதம் தாக்குப்பிடித்தால் கொத்தமல்லிக்குப் போங்கள்.

சொந்த ஊரிலிருந்து செம்மண் கொண்டுவந்து தொட்டியில் நிரப்பினேன். ஒரு மாதத்தில் செங்கல் மாதிரி இறுகிவிட்டது. தண்ணீர் ஓரமாக வழிந்து ஓடுகிறது.
– வாசகர், திருப்பூர்

நிலத்தில் மண்புழுவும் பூச்சியும் வேரும் மண்ணைக் கிளறிக்கொண்டே இருக்கும். தொட்டியில் அந்த வேலை நடப்பதில்லை. அதனால் தனிச் செம்மண் இறுகத்தான் செய்யும்.

அதற்குப் பதில் இந்தக் கலவையை நிரப்புங்கள்: தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, சலித்த செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. எட்டு அங்குலத் தொட்டி ஒன்றுக்கு ஒரு மேசைக்கரண்டி வேப்பம் புண்ணாக்குத் தூள். வீட்டுக்குள் இதற்கு மேல் புண்ணாக்கு சேர்த்தால் வாடை வரும், மேலே வெள்ளைப் பூஞ்சையும் படரும்.

நார்க்கழிவைக் கட்டியாக வாங்கினால் அப்படியே கலக்காதீர்கள். பல கட்டிகளில் உப்பு இருக்கும். பக்கெட்டில் ஊறவைத்து, உதிர்ந்ததும் துணியில் போட்டுப் பிழிந்து, புது நீரில் மறுபடி ஊறவையுங்கள். மூன்றாம் முறை பிழியும் நீர் பழுப்பு வெளுத்து வந்தால் போதும். இதைச் செய்யாமல் நட்டால் சில வாரங்களில் இலை ஓரம் கருகும். அப்போது உரம் போதவில்லை என்று நினைத்து உரம் போட்டால் உப்பு இன்னும் கூடும்.

தொட்டி அடியில் குறைந்தது நான்கு துளைகள், ஒவ்வொன்றும் பென்சில் நுழையும் அளவில். துளைக்கு மேல் ஒரு துண்டு கொசுவலை போட்டால் மண் வெளியேறாது. ஜல்லியோ ஓடோ அடுக்காகப் பரப்ப வேண்டியதில்லை. மண் முழுதாக ஊறித் ததும்பிய பிறகுதான் நீர் ஜல்லிக்கு இறங்கும். எனவே ஜல்லி போட்டால் ஈரம் தேங்கும் பகுதி வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடுகிறது, வடிகால் மேம்படுவதில்லை.

கடையில் வாங்கிய கொத்தமல்லி விதை முளைப்பதே இல்லை. முளைத்தாலும் நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிடுகிறது. என்ன செய்வது?
– வாசகி, தஞ்சாவூர்

இவை இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள்.

முளைப்பதைப் பார்ப்போம். மளிகைக் கடைத் தனியா பழையதாக இருக்கலாம், வறுபட்டும் இருக்கலாம். பத்து விதையை ஈரத் துணியில் மடித்து டப்பாவில் பத்து நாள் வையுங்கள். குறைந்தது ஆறு விதை முளைத்தால் அந்தத் தனியாவை விதைக்கலாம். ஒரு கொத்தமல்லிக் காய்க்குள் இரண்டு விதைகள் இருக்கின்றன. சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டினால் இரண்டாகப் பிளக்கும். நொறுங்கும்படி அழுத்தாதீர்கள். பிளந்ததை இரவு முழுக்க நீரில் போட்டு, காலையில் வடித்து விதையுங்கள்.

பத்து அங்குல அகலமும் ஆறு அங்குல ஆழமும் உள்ள தொட்டிக்கு ஒரு டீஸ்பூன் விதை. விரல் அகலம் இடைவெளி விட்டுத் தூவி, அதன்மேல் ஒரு சென்டிமீட்டர் கலவை மூடுங்கள். 7 முதல் 15 நாள் ஆகும். பத்தாம் நாள் எதுவும் தெரியவில்லை என்று கிளறிப் பார்ப்பதால் வீணாகும் விதைகள் அதிகம். நாற்றுவிட்டுப் பிடுங்கி நடும் பழக்கம் கொத்தமல்லிக்கு ஆகாது. ஆணிவேர் அறுந்தால் செடி நின்றுவிடும், இல்லையென்றால் அவசரமாகப் பூத்துவிடும்.

இனி, நூலாக நீளுவது. அது வெளிச்சத்தைத் தேடிப் போகும் தண்டு. முளை தலைகாட்டிய அன்றே தொட்டி உங்கள் வீட்டின் மிக வெளிச்சமான ஜன்னலுக்குப் போக வேண்டும். ஒரு வாரம் கழித்து மாற்றினால் நீண்ட தண்டு நீண்டதுதான். தினமும் தொட்டியைக் கால் வட்டம் திருப்பி வையுங்கள்.

சாயும் இடத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மண்மட்டத்தில் தண்டு பழுப்பாகி, நீர் கோத்ததுபோல் மெலிந்திருந்தால் அது நாற்றழுகல். ஈரம் மிகுந்த, காற்றோட்டமில்லாத மண்ணில் வரும் பூசண நோய். சாய்ந்தவற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மேலிருந்து தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். தட்டில் இரண்டு அங்குலம் நீர் விட்டுத் தொட்டியை அதில் 20 நிமிடம் நிறுத்தி, மேல்மண் ஈரமானதும் எடுத்து வடியவிடுங்கள். மின்விசிறிக் காற்று மெல்லப் படட்டும். அடுத்த முறை விதைக்கும்போது நோய்ப் பூசணத்தை அடக்கும் நன்மை செய்யும் பூசணமான டிரைக்கோடெர்மா விரிடி பொடி ஒரு டீஸ்பூன் எடுத்து, ஒரு கைப்பிடி மண்புழு உரத்தில் கலந்து மேல்மண்ணில் சேர்த்தால் இந்தத் தொல்லை குறையும்.

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை விதைத்தால் நல்ல தழை கிடைக்கும். சித்திரை வெயிலில் செடி சாண் உயரம் வருமுன்பே பூவெடுக்கும். நான்கைந்து வாரத்தில் அறுக்கலாம். இரண்டு முறை அறுத்த பிறகு தழை நரம்பாகிவிடும். அதைக் காப்பாற்ற முயலாமல், மூன்று வாரத்துக்கு ஒரு தொட்டி புதிதாக விதைத்துக்கொண்டே போவதுதான் சரி.

சந்தையில் வாங்கும் புதினாத் தண்டையே நடலாமா? நட்டால் இரண்டு நாளில் கறுத்துவிடுகிறது.
– வாசகர், ஈரோடு

தாராளமாக நடலாம். இலையோடு நேராக மண்ணில் குத்தினால்தான் கறுக்கும். வேர் இல்லாத தண்டால் அத்தனை இலைகளுக்கும் நீர் அனுப்ப முடியாது.

கட்டிலிருந்து பென்சில் முனையைவிடச் சற்றே தடித்த, முற்றிய தண்டுகளாகப் பார்த்து எடுங்கள். நான்கு விரல் நீளத்தில், ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். கீழ் இரண்டு கணுக்களின் இலையை உருவிவிட்டு, உச்சியில் நான்கு இலை மட்டும் விடுங்கள். கண்ணாடி டம்ளரில் இரண்டு அங்குல நீரில், நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள். நீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினால் தண்டும் அழுகாது, கொசுவும் உற்பத்தியாகாது. ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள் கணுவில் வெள்ளை வேர் வரும். வேர் இரண்டு சென்டிமீட்டர் ஆனதும் நடுங்கள். இன்னும் நீண்ட பிறகு நட்டால் நீரில் வளர்ந்த வேர் மண்ணுக்குப் பழகத் தடுமாறும்.

புதினா பக்கவாட்டில் ஓடும் செடி. அதற்கு ஆழத்தைவிட அகலம்தான் முக்கியம். ஒரு அடி அகலம், ஆறு அங்குல ஆழம் உள்ள தொட்டியில் ஐந்தாறு தண்டு நடலாம். வேறு எந்தச் செடியோடும் சேர்த்து வைக்காதீர்கள், அதன் ஓடுதண்டு மற்றதை நெருக்கிவிடும். ஆறு மாதத்தில் தொட்டி நடுப்பகுதி வெறும் குச்சியாகி ஓரத்தில் மட்டும் துளிர் இருக்கும். அப்போது ஓரத் துளிர்களை வேரோடு எடுத்துப் புதுக் கலவையில் நடுங்கள்.

இலை அடியில் ஆரஞ்சு நிறப் பொடிப் புள்ளிகள் இருந்தால் துருநோய். செடியை மண்ணுக்கு மேல் ஓர் அங்குலம் விட்டு வெட்டி, வெட்டியதைக் குப்பையில் போடுங்கள். இலையெல்லாம் வெளுத்து மெல்லிய நூலாம்படை தெரிந்தால் செஞ்சிலந்தி. ஏசி காற்று நேராகப் படும் இடங்களில் இது அடிக்கடி வரும். குழாயடியில் இலை அடிப்பாகத்தை நன்றாகக் கழுவி, ஏசிக்கு எதிரே இல்லாத இடத்துக்கு மாற்றுங்கள்.

சமையலறையில் டீத்தூள், அரிசி கழுவிய நீர், முட்டை ஓடு எல்லாவற்றையும் செடிக்குப் போடுகிறேன். இப்போது தொட்டியைச் சுற்றிக் குட்டிக் கொசுக்கள் பறக்கின்றன.
– வாசகி, நாகர்கோவில்

அந்தக் கொசுக்கள் கடிக்காது. அவற்றின் புழு ஈர மண்ணில் உள்ள பூஞ்சையையும் அழுகும் பொருளையும் தின்று வளரும். டீத்தூளும் கஞ்சித் தண்ணீரும் அதற்கு நல்ல தீனி. சர்க்கரையும் பாலும் கலந்த டீத்தூள் என்றால் எறும்பும் வரும். தோட்டத்தில் இவை மட்கிவிடும். எட்டு அங்குலத் தொட்டியில், மூடிய அறையில், அப்படியே அழுகிக் கிடக்கும்.

எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மேல்மண் ஓர் அங்குலம் காயும் வரை தண்ணீர் விடாதீர்கள். மேலே ஒரு சென்டிமீட்டர் ஆற்றுமணல் பரப்பினால் அந்தக் கொசுக்கள் முட்டையிட ஈர மண் கிடைக்காது. மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்றைத் தொட்டியில் செருகி வைத்தால் பறப்பவை ஒட்டிக்கொள்ளும். மூன்று வாரம் இப்படியே விடாமல் செய்தால் தலைமுறை அறுந்துவிடும்.

முட்டை ஓடு தீங்கில்லை, ஆனால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். சமையலறைக் கழிவை மூடியுள்ள வாளியில் மட்கவைத்து, மண் வாசனை வந்த பிறகு போடுங்கள். உரமாக, மாதம் ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் இந்தச் செடிகளுக்குப் போதும். பஞ்சகவ்யம், மீன் அமிலம் இரண்டும் நல்ல பொருட்கள்தான். வாடையைத் தாங்க முடியாது என்பதால் வீட்டுக்குள் வேண்டாம்.

ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் தண்ணீரையும் ஏசி தண்ணீரையும் ஊற்றலாமா?
– வாசகர், வேளச்சேரி

ஏசி தண்ணீரை ஊற்றலாம். அது காற்றின் ஈரம் குளிர்ந்து வடிந்த நீர். உப்பு கிடையாது, சத்தும் கிடையாது. ஆர்.ஓ. கழிவு நீர் வேண்டவே வேண்டாம். குடிநீரிலிருந்து பிரித்த உப்பு முழுதும் அதில்தான் செறிந்து வருகிறது. தரை துடைக்கவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் போர் தண்ணீருக்கு மென்னீராக்கும் கருவி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். அது கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைச் சேர்க்கும். வாளியில் சோப்பு நன்றாக நுரைக்கும், ஆனால் தொட்டி மண் கெட்டுப்போகும். ஏற்கெனவே மண்மேல் வெள்ளைப் படிவம் இருந்தால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டி கொள்ளளவைப் போல மூன்று மடங்கு நல்ல நீரை மெல்ல ஊற்றி முழுதும் வடியவிடுங்கள். மழை நீர் பிடிக்க முடிந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை.

ஹாலில் கறிவேப்பிலை வளருமா?
– வாசகி, சேலம்

வளராது. அது மரம். அதற்கு ஐந்தாறு மணி நேர நேர்வெயில் வேண்டும். உள்ளே வைத்தால் இரண்டு மூன்று மாதம் இருந்த இலையோடு நிற்கும், பிறகு கொட்டும். வெயில் விழும் பால்கனி இருந்தால் 14 அங்குலத் தொட்டியில் அங்கே வையுங்கள்.

வடக்குப் பார்த்த ஜன்னல் மட்டுமே உள்ள வீடு. விளக்கு போட்டால் மூலிகை வருமா? மின்கட்டணம் எவ்வளவு ஏறும்?
– வாசகர், கோயம்புத்தூர்

வரும். கலர் கலராக எரியும் விசேஷ விளக்கு தேவையில்லை. மின்கடையில் கிடைக்கும் நான்கு அடி, 20 வாட், வெள்ளை ஒளி எல்இடி பட்டை விளக்கே போதும். ஒன்று மாட்டினால் புதினா, ஓமவல்லி, வல்லாரை தாங்கும். கொத்தமல்லிக்கும் திருநீற்றுப்பச்சிலைக்கும் இரண்டு பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுங்கள். செடி நுனிக்கும் விளக்குக்கும் நடுவே ஒரு சாணுக்கு மேல் இடைவெளி கூடாது. உத்தரத்தில் மாட்டிய விளக்கால் பயனில்லை. செடி உயர உயர விளக்கையும் ஏற்ற வேண்டும் என்பதால், சங்கிலியில் தொங்கவிடுவது வசதி.

தினமும் 12 மணி நேரம், காலை 6 முதல் மாலை 6 வரை, டைமர் பிளக் வைத்து எரியவிடுங்கள். இரவும் பகலும் எரித்தால் கொத்தமல்லி சீக்கிரம் பூத்துவிடும். ஒரு பட்டைக்கு நாளுக்கு 0.24 யூனிட், மாதத்துக்கு ஏழு யூனிட் சொச்சம். இரண்டுக்கு 14 யூனிட்.

விளக்குச் செலவே வேண்டாம் என்றால் வெந்தயக்கீரையை முளைத்த சில நாளிலேயே, இளநாற்றாக அறுத்து எடுங்கள். இரண்டு மேசைக்கரண்டி வெந்தயத்தை எட்டு மணி நேரம் ஊறவைத்து, கலவை நிரப்பிய இரண்டு அங்குல ஆழத் தட்டில் நெருக்கமாகப் பரப்பி, மேலே மெல்லிதாகக் கலவை தூவி மூடுங்கள். பத்து நாளில் மூன்று அங்குலம் வந்ததும் கத்தரிக்கலாம். விதையில் உள்ள சத்தே அதுவரை பெரும்பாலும் காப்பாற்றும் என்பதால் மங்கலான ஜன்னலிலும் இது வரும்.

பீட்சாவுக்குப் போடும் பேசில் விதை எங்கே கிடைக்கும்?
– வாசகி, மதுரை

நாட்டு மருந்துக் கடையில் சப்ஜா விதை கேளுங்கள். அது திருநீற்றுப்பச்சிலையின் விதை, நீங்கள் கேட்கும் பேசிலின் நெருங்கிய சொந்தம். வாசனையில் காரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். ஈரக் கலவையின்மேல் ஒரு சிட்டிகை தூவி, மூடாமல் விடுங்கள். விதையைச் சுற்றி வழவழப்பான உறை ஊதிக்கொள்ளும். அது காயாமல் பார்த்துக்கொண்டால் ஒரு வாரத்தில் முளைக்கும். ஆறு இலை வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், இரண்டு கிளை வரும். பூங்கொத்து தெரிந்த உடனே கிள்ளிவிடுங்கள். விதை பிடித்துவிட்டால் இலை சிறுத்துக் கசக்கும்.

ஊட்டியிலிருந்து வாங்கிவந்த ரோஸ்மேரி மூன்று வாரத்தில் காய்ந்துவிட்டது. தினமும் தண்ணீர் விட்டேன்.
– வாசகர், திருச்சி

தினமும் விட்டதுதான் காரணம். ரோஸ்மேரியின் வேர் அழுகினாலும் இலை உடனே தொங்காது. பச்சையாகவே இருந்து, உருவினால் உதிரும். காய்ந்தது என்று தெரியும்போது வேர் எப்போதோ போயிருக்கும். நீலகிரியின் குளிரில் சுகமாக வளர்வது சமவெளியின் புழுக்கத்தில் சிரமப்படும். மறுபடி முயன்றால் கலவையில் பாதி ஆற்றுமணல் சேர்த்து, மண் தொட்டியில், நன்றாக வெயில் விழும் ஜன்னலில் வையுங்கள். விரலின் இரண்டாம் கணு வரை மண் காய்ந்த பிறகே நீர்.

துளசியில் தண்டு முழுக்க வெள்ளைப் பஞ்சு. பூஜைக்கும் கஷாயத்துக்கும் பறிப்பதால் மருந்தடிக்கப் பயமாக இருக்கிறது.
– வாசகி, கும்பகோணம்

மாவுப்பூச்சி. குறைவாக இருக்கும்போது, காது குடையும் பஞ்சுக் குச்சியைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கைக் கட்டாயம் பாருங்கள், முட்டைக் கூடு அங்கேதான் ஒளிந்திருக்கும். பரவிவிட்டால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், 2 மில்லி திரவ சோப்பு கலந்து, வெயில் தாழ்ந்த பின் தெளியுங்கள். சோப்பு சேர்க்காவிட்டால் எண்ணெய் நீரில் கலக்காமல் மிதந்து, இலையில் திட்டாகப் படிந்து கருக்கும். வாரம் ஒருமுறை, மூன்று முறை. தெளித்த ஒரு வாரத்துக்குப் பறிக்காதீர்கள், பிறகு கழுவிப் பயன்படுத்துங்கள்.

தொட்டியில் எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காத்து, செடிக்குச் செடி சுமந்து செல்லும். எறும்பின் பாதையை மறித்தால்தான் மருந்து பலிக்கும்.

பொங்கலுக்கு எட்டு நாள் ஊருக்குப் போகிறோம். தண்ணீர் விட ஆளில்லை. செடிகளை என்ன செய்வது?
– வாசகி, அம்பத்தூர்

கிளம்புவதற்கு முதல் நாள் புதினாவையும் துளசியையும் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். இலை குறைந்தால் தாகமும் குறையும். தொட்டிகளை ஜன்னலிலிருந்து மூன்றடி உள்ளே தள்ளி, ஒன்றோடொன்று ஒட்டி வையுங்கள். எட்டு நாள் மங்கலான வெளிச்சம் செடியைக் கொல்லாது.

தண்ணீருக்கு, சுண்டுவிரல் தடிமன் பருத்திக் கயிற்றை முதலில் நீரில் நன்றாக நனையுங்கள். ஒரு முனையை வாளியின் அடிவரை விட்டு, மறு முனையைத் தொட்டி மண்ணில் மூன்று அங்குலம் புதையுங்கள். வாளி தொட்டியைவிடச் சற்று உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு தொட்டிக்கு ஒரு கயிறு. நைலான் கயிறு நீரை உறிஞ்சாது. ஊருக்குப் போவதற்கு நான்கு நாள் முன்பே கட்டிப் பாருங்கள். மண் சொதசொதவென்று ஆனால் வாளியின் உயரத்தைக் குறைக்க வேண்டும். வாளியின் வாயைக் கொசுவலையால் இறுக்கிக் கட்டுங்கள், எட்டு நாள் தேங்கும் நீர் டெங்கு கொசுவுக்குத் தாராளம். தொட்டிக்கு அடியில் உள்ள தட்டுகளையும் கவிழ்த்துவிட்டுப் போங்கள்.

ஓமவல்லிக்குக் கயிறு வேண்டாம். அதன் தடித்த இலையிலும் தண்டிலும் இருக்கும் நீரே நீங்கள் திரும்பும் வரை போதும்.